விவாகரத்துக்குப் பிறகு தாபரிப்புத் தொகையை மாற்றுவது எப்படி?

இலங்கையில் தாபரிப்பு, அதாவது பராமரிப்புச் செலவு, கட்டச் சொல்லும் கட்டளையை மாற்ற வேண்டுமென்றால், முதலில் அதைத் தந்தது எந்த நீதிமன்றம் என்று பாருங்கள். விவாகரத்துத் தீர்ப்போடு மாவட்ட நீதிமன்றம் விதித்த தொகையென்றால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவுப்படி அதே நீதிமன்றம் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், இடைநிறுத்தவும் செய்யலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி வந்த பிள்ளைச் செலவுக் கட்டளையென்றால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் ஏறி அலைந்தவர்கள் உண்டு.

அந்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் பழைய வழக்கிலக்கத்தைச் சொல்லி, கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை எடுங்கள். கட்டளைக்குப் பின் என்ன மாறியது என்பதை மனுவிலும் சத்தியக்கடதாசியிலும் மாதம், தொகையோடு எழுத வேண்டும். "விலைவாசி ஏறிவிட்டது" என்ற ஒற்றை வரி எடுபடாது. பாடசாலைச் செலவு, கிளினிக் கொப்பி, மருந்துச் சிட்டை ஆகியவற்றை இணையுங்கள்.

தேயிலைத் தோட்டச் சம்பளச் சிட்டையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கொழுந்து குறைந்த மாதத்தையோ, தீபாவளி முற்பணம் வெட்டிய மாதத்தையோ மட்டும் காட்டினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உடனே பிடித்துக்கொள்வார். வெட்டிய முற்பணம் ஏற்கெனவே கைக்கு வந்த காசு. பன்னிரண்டு மாதச் சிட்டையையும் சேர்த்துக் கொடுப்பதே நல்லது.

புதிய கட்டளை வரும்வரை பழைய தொகையே செல்லும். வேலை போனது என்று தானாகக் கட்டுவதை நிறுத்தினால் நிலுவை ஏறும். வாய்ப்பேச்சில் குறைத்துக்கொண்டதும் செல்லாது. இருவரும் உடன்பட்டாலும் நீதிமன்றத்தில் பதியுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வருமானச் சான்றோடு போகலாம்.