ஐம்பது விநாடியில் தொடங்குங்கள்: பள்ளி மாணவர்களுக்குத் திரைப்பட வரலாறும் படமெடுக்கும் கலையும்

திரைப்பட வரலாற்றுக்கு ஒரு பருவம், படமெடுக்கக் கற்பிப்பதற்கு அடுத்த பருவம் என்று பாடத்தை இரண்டாகப் பிரிப்பதுதான் வழக்கம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். மூன்றாவது வாரத்திலேயே மாணவர்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் தேர்வுக்காகக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார்களே தவிர, திரையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. முன்னோடிகள் எந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார்களோ, அதே சிக்கலை அவர்களுக்கிருந்த அதே கட்டுப்பாடுகளோடு மாணவர்களிடம் கொடுத்த பிறகே வகுப்புக்கு உயிர் வந்தது.

திரைப்பட முன்னோடிகளான பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய 10 படங்களில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவர்களுடைய படமெடுக்கும் கருவிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் படச்சுருள்தான் அடங்கும் என்பதே அதற்குக் காரணம். முதல் பயிற்சியையும் இப்படியே அமையுங்கள்: கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி, அசைக்காமல், ஜூம் செய்யாமல், ஒலியில்லாமல், 50 விநாடிக்கு ஒரே ஷாட் (இடையில் நிறுத்தாமல் எடுக்கும் ஒரு துண்டு), அதுவும் ஒரே முறைதான். கேட்டவுடன் எளிதாகத் தோன்றும் இந்த வேலையில், கேமராவை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கவே பெரும்பாலான நேரம் போய்விடும். அந்த நேரத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

மாணவர்கள் எடுத்துவந்த பிறகு, தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் லூமியேர் படத்தைக் காட்டுங்கள். முன்கூட்டியே காட்டினால் அதையே நகலெடுப்பார்கள். அந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது, இன்னொன்றில் இரட்டைக் குதிரை வண்டி, மற்றொன்றில் குதிரையே இல்லை. மூன்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, எதுவும் சொல்லாமல் காத்திருங்கள். யாராவது ஒருவர் குதிரையைக் கவனிப்பார். அடுத்து, "அப்படியென்றால் இதைத் திரும்பத் திரும்ப எடுத்தார்களா?" என்ற கேள்வி எழும். நடந்ததை அப்படியே பதிவு செய்வதற்கும் நடக்கச் செய்து பதிவு செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தொடக்ககாலப் பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேயின் மாய வித்தைகளுக்கு ஒரு வகுப்பு போதும். முக்காலியை அசைக்காமல் பதிவை நிறுத்தி, ஒருவரை விலகச் செய்து, மீண்டும் தொடங்கினால் அவர் மறைந்துவிடுவார். மாணவர்கள் நிமிடங்களில் பிடித்துக்கொள்வார்கள்.

படத்தொகுப்புக்குத்தான் தாராளமாக நேரம் ஒதுக்க வேண்டும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் இணைத்துக் காட்டியபோது, அதே முகத்தில் பார்வையாளர்கள் ஒருமுறை பசியையும் மறுமுறை துயரத்தையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் செய்ய வையுங்கள். ஒரு மாணவரின் முகத்தை 10 விநாடி அண்மைக் காட்சியாக எடுங்கள். "நடிக்காதே" என்று சொன்னால் அதையும் நடிப்பார்கள்; மனத்துக்குள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னால் முகம் தானாகவே அமைதியாகிவிடும். பிறகு ஒவ்வொரு குழுவும் அந்த முகத்தோடு இணைக்க வேறொரு ஷாட்டை எடுத்துவரட்டும்: காலியான நாற்காலி, திறந்து கிடக்கும் கதவு, மதிப்பெண் தாள். விவரம் அறியாத வேறொரு வகுப்பிடம் காட்டி, அந்த முகம் என்ன நினைக்கிறது என்று எழுதி வாங்குங்கள். விடைகளை வாசிக்கும்போது அந்த முகத்துக்கு உரிய மாணவர் அடையும் வியப்பைப் பார்த்தால், ஒரு வெட்டு, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது, என்ன செய்யும் என்பதை விளக்கவே தேவையிருக்காது.

ஒலியைக் கடைசியில் கொண்டுவாருங்கள். 1927-க்குப் பிறகு பேசும் படங்கள் பரவியபோது, கேமராவைக் கையால் சுழற்றிய காலத்தின் மாறுபடும் வேகம் போய் விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனி நிலைப்படங்கள்) என்பது நிலைபெற்றதற்கு, ஒலியும் படமும் பிசகாமல் ஒத்து ஓட வேண்டியிருந்ததே காரணம். ஒரு முழுப் பேசும் படம் ஒரு பாடவேளைக்குள் அடங்காது. ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்து, முதலில் ஒலியில்லாமலும் பிறகு ஒலியோடும் காட்டுங்கள்.

பருவ இறுதிப் படம் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். குழுவுக்கு நான்கைந்து பேர் போதும். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு ஆகிய பொறுப்புகள் ஒவ்வொரு பயிற்சியிலும் கை மாறட்டும், இல்லையென்றால் துணிச்சலான ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். திரையில் வரும் எவரிடமும் முன்பே அனுமதி பெறச் செய்யுங்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதியை ஷாட் பட்டியலுக்கும், எதை ஏன் வெட்டினோம் என்று எழுதும் குறிப்பேட்டுக்கும் ஒதுக்குங்கள். நல்ல கைப்பேசி வைத்திருப்பவருக்கு மட்டும் சாதகம் கிடைத்துவிடக் கூடாது.

திரையிடும் நாளில் படமெடுத்தவர்களைப் பேசவிடாதீர்கள். அவர்கள் திரைக்குப் பக்கத்தில், பார்வையாளர்களை நோக்கி அமர்ந்து, எந்த விநாடியில் சிரித்தார்கள், எந்த விநாடியில் முகம் திருப்பினார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தாளோடு அடுத்த வகுப்பில் ஒருமுறை மறுதொகுப்பு செய்யட்டும்.