படபடப்பு அடங்கினாலும் குளிசையை விடாதீர்கள்

கிளினிக் கொப்பியில் 'ஏற்றியல் பிபிரிலேசன்' என்று எழுதியிருந்தால், இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன என்று பொருள். நாடியைப் பிடித்தால் தாளம் அகப்படாது. சிலருக்கு நெஞ்சு படபடக்கும், படியேற மூச்சு வாங்கும். சிலருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் மேலறையில் தேங்கிய இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய் அடைத்தால் பாரிசவாதம். இந்த நோய் இல்லாதவர்களோடு பார்க்கையில் அந்த ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு.

எங்கள் பக்கத்தில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி, படபடப்பு நின்றால் வருத்தமும் போய்விட்டது என்ற நினைப்பில் இருந்துதான் வருகின்றன. பிசோபுரோலோல் போன்ற குளிசை துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஆளுக்குச் சுகம் தெரியும். இரத்தம் கட்டிபடாமல் காப்பது வேறு குளிசை, பெரும்பாலும் வாபரின். அதை எடுத்தாலும் விட்டாலும் உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனாலேயே முதலில் கைவிடப்படுவதும் அதுதான். பல்லுப் பிடுங்கப் போகிறேன் என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பல் வைத்தியரிடமும் கிளினிக்கிலும் கேளாமல் நிறுத்த வேண்டாம். அஸ்பிரின் போதும் என்பதும் சரியல்ல. இந்த நோயில் பாரிசவாதத்தைத் தடுக்க அது வாபரினுக்கு ஈடாகாது.

வாபரின் எடுத்தால் முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை ஒன்றையும் தொடக்கூடாது என்று பலர் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். அவற்றில் உள்ள விட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கெடுதல் கீரையில் இல்லை, அளவு திடீரென்று மாறுவதில் இருக்கிறது. கிளினிக்கில் இரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பார்த்து, அந்த எண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும்படி குளிசையின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் மரக்கறிச் சமையல், தினமும் கீரை வறை என்றால் அந்த எண் இறங்கலாம். கந்தசஷ்டிக்கு 6 நாளும் பாலும் பழமுமாக இருந்தால் ஏறலாம். விரதம் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. முன்கூட்டியே சொன்னால் இரத்தப் பரிசோதனைத் திகதியை அதற்கேற்ப மாற்றித் தருவார்கள்.

மூட்டு வலிக்கு பார்மசியில் டைக்குளோபெனக்கோ இபுபுரூபனோ கேட்டு வாங்கிப் போடுவது இதைவிட ஆபத்து. வாபரினோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகத் தார்போலப் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். பரியாரியிடம் மருந்து எடுப்பவர்கள் வாபரின் எடுக்கும் விசயத்தை அவருக்கும், அவர் தரும் மருந்தைக் கிளினிக்கிலும் சொல்ல வேண்டும். மாரி காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். இரத்தத் தட்டுகள் குறையும் நேரத்தில் வாபரினும் வேலை செய்தால் இரத்தக் கசிவு நிற்காது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் அனுப்பும் குளிசைகளிலும் கவனம் தேவை. வாபரினில் இளஞ்சிவப்புக் குளிசை பிரித்தானியாவில் 5 மி.கி.; கனடாவில் அதே நிறம் 1 மி.கி. நிறத்தைப் பார்த்து எடுக்கிறவருக்கு அளவு 5 மடங்கு கூடவோ குறையவோ செய்யும். மட்டையில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டிபடாமல் காக்கும், ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத அபிக்சபான் போன்ற புதிய குளிசை வந்து சேர்ந்தால், அதை வாபரினோடு சேர்த்துப் போடவே கூடாது. வாதக்காய்ச்சலால் இதயத்தின் மைற்றல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு வைத்தவர்களுக்கும் அந்தப் புதியவை பொருந்தாது, வாபரின்தான்.

ஒருநாள் குளிசை மறந்துவிட்டால், அன்றைக்குள் நினைவு வந்தால் எடுங்கள். அடுத்த நாள் இரண்டாகப் போட வேண்டாம். கள்ளோ சாராயமோ ஒரே இருப்பில் நிறையக் குடித்தால் துடிப்பு மீண்டும் குழம்பும்.

வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தடவிக்கொண்டு விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. உடனே இலங்கையின் அவசர அம்புலன்ஸ் இலக்கமான 1990 இற்கு அழையுங்கள், அதற்குக் காசு இல்லை. கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதென்றால் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதைப் போடலாமா என்று முடிவெடுக்க, அவர் வாபரின் எடுக்கிறாரா, கடைசியாக எப்போது எடுத்தார், கடைசி ஐ.என்.ஆர். என்ன என்றுதான் வைத்தியர் கேட்பார். கிளினிக் கொப்பியையும் குளிசை மட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.