வீட்டில் இரட்டை உண்டா? அம்மா வழியில் கணக்குப் பாருங்கள்

இரட்டைக் குழந்தை பிறக்க வாய்ப்பு உண்டா என்று அறிய, பெண்ணின் பிறந்த வீட்டில்தான் விசாரணையைத் தொடங்க வேண்டும். குடும்ப வழியில் வரும் இரட்டை, ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளிவந்து இரண்டும் கருவாவதால் உண்டாவது. அப்படி இரண்டு முட்டை வெளிவருவது பெண்ணின் சினைப்பையைப் பொறுத்தது. கணவர் வீட்டில் எத்தனை இரட்டையர் இருந்தாலும் மனைவியின் முட்டை எண்ணிக்கை மாறாது.

ஒரு தாளின் நடுவில் அந்தப் பெண்ணை எழுதுங்கள். மேலே அம்மா, அம்மாவின் அம்மா. பக்கத்தில் அக்கா, தங்கை, பெரியம்மா, சித்தி. அப்பாவின் அம்மாவையும் அத்தைமாரையும் விட்டுவிடாதீர்கள். ஆணுக்குள் இரு முட்டைக்கான மரபணு அடங்கிக் கிடந்து மகளிடம் வெளிப்படும். 'ஒரு தலைமுறை தாண்டித்தான் வரும்' என்ற பேச்சு இதைப் பார்த்து வந்திருக்கலாம். அப்படி விதியொன்றும் இல்லை.

முறைமாமனைக் கட்டிய வீடுகளில் கணக்கு கொஞ்சம் சிக்கும். தாய்மாமன் மகனைக் கட்டியவளுக்குக் கணவரின் அப்பாவைப் பெற்றவள் தன் அம்மாவையும் பெற்றவள்தான். அவள் இரட்டை பெற்றிருந்தால் அதைக் கணவர் வழி என்று ஒதுக்கக் கூடாது.

கேட்கும்போது "எத்தனை பிள்ளை?" என்று கேட்காமல், "பிறந்தது எத்தனை, தங்கியது எத்தனை?" என்று கேளுங்கள். இரட்டையில் ஒன்று இறந்த பிரசவத்தைப் பெரியவர்கள் தானாகச் சொல்வதில்லை.

அடுத்தது கழித்தல். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த, அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும் ஜோடிகளை அடித்துவிடுங்கள். உலகம் முழுக்க 1000 பிரசவத்துக்குச் சுமார் 4 என்று நிகழும் இதில் குடும்ப வழி பொதுவாகக் கிடையாது. குழந்தைப்பேறு சிகிச்சையில் உண்டான இரட்டையையும் அடியுங்கள். ஆணும் பெண்ணுமான ஜோடி இரு முட்டை ஜோடிதான், அது நிற்கட்டும். பலரும் தவறுவது நஞ்சுக்கொடியில். 'நஞ்சு இரண்டு இருந்தது, அதனால் வேறு வேறு கரு' என்பது சரியல்ல. ஒரே கருவில் பிரிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் நஞ்சு தனித்தனிதான்.

அம்மாவோ உடன்பிறந்தவளோ இரு முட்டை இரட்டை பெற்றிருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. இரு மடங்கு என்றதும் இரண்டு தொட்டில் வாங்க வேண்டாம். 1000 பிரசவத்துக்கு 6 என்பது 12 ஆனாலும் மீதி 988 பேருக்கு இரு முட்டை இரட்டை வராது. 2016-இல் வெளியான மரபணு ஆய்வு, முட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனோடு தொடர்புள்ள மரபணுவை இதில் அடையாளம் கண்டது. முப்பதுகளின் நடுவில் அந்த ஹார்மோன் கூடுவதால் வயதும் வாய்ப்பைக் கூட்டும். முன்பு பல பிரசவம் ஆனவர்களுக்கும் உயரமானவர்களுக்கும் சற்று அதிகம். மட்டியோ ஏத்தனோ, ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் தின்றால் இரட்டை வரும் என்பது வெறும் பேச்சு, தாராளமாகத் தின்னலாம்.

முட்டை வளர மாத்திரை எடுப்பவர்கள் இந்தத் தாளை டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள். குளோமிஃபீன் போட்டுக் கருத்தரிப்பவர்களில் 100-க்கு 5 முதல் 10 வரை இரட்டை வருகிறது. முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனில் பல முட்டைகள் தெரிந்தால் அந்த மாதம் முயற்சியை நிறுத்தச் சொல்வார்கள்.

கரு தங்கியபின் 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேன் அவசியம். நஞ்சு ஒன்றா இரண்டா என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். தள்ளிப்போட்டால் இரண்டும் ஒட்டி ஒன்றுபோல் காட்டும். ரிப்போர்ட்டில் அது எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், சொல்வது சட்டப்படி குற்றம். நஞ்சு ஒன்றென்றால் 16-ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் வேண்டும். ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் பாயும் ஆபத்து அதில் உண்டு. தனித்தனி என்றால் நான்கு வாரத்துக்கு ஒன்று பொதுவாகப் போதும். இரட்டைக்குக் குறைமாதப் பிரசவம் சகஜம். மார்த்தாண்டமோ குளச்சலோ, எந்த ஊரானாலும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியை ஏழாம் மாதத்துக்கு முன்பே முடிவு செய்து வையுங்கள்.