கீபோர்டில் ஹாமண்ட் ஆர்கன் சத்தம் வரவழைப்பது எப்படி?

கும்பகோணம், மாயவரம் பக்கம் சர்ச் பாடகர் குழுவிலும் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவிலும் கீபோர்டு வாசிக்கிறவர்கள் ‘ராக் ஆர்கன்’ பட்டனைத் தட்டிவிட்டு, பழைய ரெக்கார்டுகளில் கேட்கிற அந்த ஹாமண்ட் சத்தம் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் டோனில் குறை இல்லை. பியானோ மாதிரி வாசிப்பதும், ஆர்கனோடு சேர்த்து வைக்கும் லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரைக் கவனிக்காமல் விடுவதும்தான் காரணம்.

அமெரிக்கரான லாரன்ஸ் ஹாமண்டின் மின்சார ஆர்கன் 1935இல் விற்பனைக்கு வந்தது. அதன் பிரபலமான பி-3 மாடலுக்குள் ஒரே மோட்டாரில் 91 உலோகச் சக்கரங்கள் சுழலும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பும் மேடும் பள்ளமுமாக இருக்கும், பக்கத்தில் கம்பி சுற்றிய ஒரு காந்தம். மேடு தாண்டும்போதெல்லாம் கம்பியில் மின் அலை பிறக்கும். மோட்டார் கரண்டின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவதால், அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை நம் 50 ஹெர்ட்ஸில் அப்படியே போட்டால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். திருவிழா ஜெனரேட்டரில் அதை நினைத்துப் பாருங்கள்! டிஜிட்டலில் இந்தத் தொல்லை கிடையாது. நல்ல மாடல்களில் 91 அலைகளும் கணக்காக உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், கட்டையை அழுத்தினால் கதவு மட்டும் திறக்கும். விலை குறைந்தவற்றில் பதிவு செய்த சாம்பிள்தான் இருக்கும், பரவாயில்லை, அதையும் தேற்றலாம்.

முதலில் டச் ரெஸ்பான்ஸை அணைத்துவிடுங்கள். ஹாமண்டில் மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான், ஏற்ற இறக்கமெல்லாம் வால்யூம் பெடலில். சஸ்டெயினும் வேண்டாம்; விரலை எடுத்தால் சத்தம் அந்த நொடியே நிற்க வேண்டும், அதனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் மாற்றித்தான் இழைய வேண்டும்.

டிராபார் (சத்தத்தின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் இழுப்புக் கம்பி) இருந்தால் ஒன்பதையும் பயன்படுத்துங்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை. இடது பக்க முதல் மூன்றை முழுக்க இழுத்து மற்றதை உள்ளே தள்ளினால், அதாவது 88 8000 000, ஜாஸ் ஆர்கனின் அடிப்படை கிடைக்கும். அதோடு மூன்றாம் ஹார்மோனிக் பெர்கஷனும் (சுரத்தின் தொடக்கத்தில் வரும் சிறு தட்டல் ஒலி) சி3 கோரஸும் (சத்தத்தை லேசாக அலைய வைக்கும் எஃபெக்ட்) போடுங்கள். பெர்கஷனில் ஒரு நுட்பம்: எல்லா விரலையும் எடுத்துவிட்டு அழுத்தினால்தான் அந்த ‘டக்’ வரும், ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டே அடுத்ததை அழுத்தினால் வராது. பாட்டில் எங்கே வெட்ட வேண்டும், எங்கே இழைய வேண்டும் என்பதை இதை வைத்தே அமைக்கலாம். கீ கிளிக் (கட்டையை அழுத்தும்போது வரும் சின்ன ‘கிளிக்’ ஒலி) அளவு இருந்தால் கொஞ்சம் வையுங்கள், முழுக்க அணைத்தால் சத்தம் மொழுமொழுவென்று ஆகிவிடும்.

அப்புறம் லெஸ்லி. டான் லெஸ்லி வடிவமைத்த அந்தப் பெட்டியில் மேலே ஒரு ஹாரன் சுற்றும், கீழே பாஸ் ஸ்பீக்கருக்கு அடியில் ஒரு டிரம் சுற்றும். ஹாரன் நம் பக்கம் வரும்போது சுருதி நூலிழை ஏறும், விலகும்போது இறங்கும். வேகத்தை மாற்றினால் லேசான ஹாரன் சட்டென்று எகிறிவிடும், கனமான டிரம் பல நொடி கழித்துத்தான் அதை எட்டும். உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எனவே ‘ரோட்டரி’ எஃபெக்டைப் போட்டு ஃபாஸ்டிலேயே விட்டுவிடாதீர்கள். பல்லவி முழுக்க ஸ்லோவில் பிடித்து, கடைசி கார்டை நீட்டும்போது ஃபாஸ்டுக்குத் தள்ளுங்கள், வரி முடிந்ததும் இறக்குங்கள். உங்கள் கீபோர்டு அனுமதித்தால் சும்மா கிடக்கிற சஸ்டெயின் பெடலையே இந்த வேக மாற்றத்துக்கு ஒதுக்குங்கள், கை கட்டையிலேயே இருக்கும். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிரைவ் கொஞ்சம் போதும், தனிச்சுரம் சுத்தமாகவும் கார்டு லேசாகக் கரகரவென்றும் வந்தால் சரி.

திருவிழாவுக்குப் போனால் சவுண்டு சர்வீஸ் அண்ணனிடம் மிக்சர் ஸ்டீரியோவா மோனோவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மோனோ என்றால் ‘எல்/மோனோ’ என்று போட்டிருக்கும் ஓட்டையில் மட்டும் வயரைச் செருகுங்கள், இரண்டையும் கொடுத்து அங்கே கலந்தால் சுழற்சி அடிபட்டுச் சத்தம் மெலிந்துவிடும். தெருவில் கட்டிய புனல் ஸ்பீக்கரில் பாஸ் ஏறாது, அதனால் முதல் டிராபாரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நான்காவதையும் ஐந்தாவதையும் வெளியே இழுங்கள்.