பாசி மண்டிய ஏரியில் விரால்: மாதம் பார்த்துத் தூண்டில் போடும் முறை

பாசி அடைத்துக் கிடக்கும் ஏரிக்குப் போனதும், தெளிந்த தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்துப் போய் நிற்பவர்கள்தான் அதிகம். விராலுக்கு அது உதவாது. விரால் துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை, பதுங்கியிருந்து பாய்கிற மீன். ஆகாயத்தாமரைக்கு அடியிலும் அல்லி இலைக்குக் கீழும் சம்புக்கும் கோரைக்கும் நடுவிலும்தான் அது கிடக்கும். ஆனால் அதற்கு ஒரு கட்டாயம் உண்டு. செவுள் மட்டும் அதற்குப் போதாது. செவுளுக்கு மேலே தலைக்குள் இருக்கும் காற்றறையை நிரப்பிக்கொள்ள அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். பாசி எவ்வளவு அடர்ந்திருந்தாலும் மூச்சு வாங்க ஒரு திறப்பு வேண்டும். அந்தத் திறப்பு எந்த மாதத்தில் ஏரியின் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வது காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் இருப்பதுபோல வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் வற்றும் ஏரிகளுக்கு. போகுமுன் மீன்பாசி (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் யார் என்று ஊரில் விசாரித்து அனுமதி கேளுங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி மாதிரி சரணாலய ஏரிகளில் தூண்டில் போடவே கூடாது.

மூச்சைப் படிப்பது

கரைக்கு வந்ததும் தூண்டில் ராடைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தண்ணீரை மட்டும் பாருங்கள். விரால் மூச்சு வாங்கும்போது மூக்கு நுனி மட்டும் வெளியே வரும், 'ப்ளக்' என்று ஒற்றைச் சத்தம் கேட்கும், சின்ன வளையம் ஒன்று விரியும், கூடவே இரண்டு மூன்று குமிழ் வரும். அவ்வளவுதான். ஜிலேபி மேயும்போது இலை ஓரத்தில் 'ச்சப் ச்சப்' என்று தொடர்ந்து கேட்கும். கெண்டை துள்ளினால் உடம்பு முழுக்கத் தெரியும். ஏமாற்றுவது ஆப்பிரிக்கக் கெளுத்திதான். அதுவும் காற்றைக் குடிக்கிற மீன். ஆனால் அது புரண்டு முதுகு காட்டிவிட்டுப் போகும், வளையமும் பெரிதாக இருக்கும்.

ஒரே திறப்பில் இரண்டாவது முறை வளையம் வந்தால் மீன் அங்கேயே இருக்கிறது. உடனே வளையத்தின் மேலேயே லூரை (செயற்கை இரையை) போட்டுவிடாதீர்கள். தலைமேல் விழும் சத்தத்தில் அது சேற்றுக்குள் இறங்கிவிடும். திறப்பைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் அப்பால், பாசியின் மேலேயே விழும்படி எறிந்து, அங்கிருந்து நகர்த்திக்கொண்டு வந்து திறப்பில் இறக்க வேண்டும்.

ராடும் நரம்பும் தவளையும்

ராடு ஆறரை முதல் ஏழு அடி, விறைப்பு மீடியம் ஹெவி அல்லது ஹெவி. நுனி மட்டும் கொஞ்சம் வளையலாம். நடுப்பகுதி வளைந்து கொடுக்கிற ராடு பாசிக்குள் போன விராலைத் தூக்காது. ஸ்பின்னிங் ரீல் என்றால் 3000 அல்லது 4000 அளவு போதும். நரம்பு 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு). ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்துக்கு 50. மோனோ எனும் சாதாரணத் தங்கூசி இழுத்தால் நீளும். நீளும் நரம்பில் முள் தைக்கிற வேகம் பாதியாகிவிடும். ஸ்பூலில் நேராக பிரெய்டைச் சுற்றினால் முழுச் சுற்றும் வழுக்கும், அதனால் அடியில் பத்து மீட்டர் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள்.

லீடர் (நரம்பின் நுனிக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் தனி நரம்புத் துண்டு) வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அடர்ந்த பாசியில் வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. லீடர் முடிச்சில்தான் முதலில் பாசி சிக்கும். பிரெய்டை நேராகத் தவளையில் பாலோமர் முடிச்சாகப் போடுங்கள்: நரம்பை இரட்டையாக மடித்து வளையத்துக்குள் விட்டு, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, மடிப்புக் கண்ணிக்குள் தவளை முழுவதையும் நுழைத்து, எச்சில் தடவி இறுக்கவும். விராலின் பல் நரம்பைச் சுரண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் ஒரு சாண் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

லூரில், உள்ளே காற்று நிறைந்த ரப்பர் தவளைதான் பாசி ஏரிக்கு முதல் தேர்வு. ஐந்து, ஆறு செ.மீ. நீளம், 10 முதல் 14 கிராம். இரட்டை முள் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் பாசியில் மாட்டாது. வாங்கும்போது இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். லேசான அழுத்தத்திலேயே முள் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். கெட்டி ரப்பரானால் மீன் கடித்தாலும் முள் தெரியாது. முள் நுனிகள் உடம்புக்குள் அமுங்கிப் படுத்திருந்தால் குறடால் ஒவ்வொன்றையும் இரண்டு மி.மீ. அளவுக்கு வெளிப்பக்கம் விரியுங்கள். அதற்குமேல் விரித்தால் ஒவ்வொரு இலையிலும் மாட்டும்.

அடர்ந்த படலத்தின் மேல் போகும்போது தவளை இலையை அழுத்திக்கொண்டு நகர வேண்டும், அப்போதுதான் கீழே இருக்கிற மீனுக்கு அசைவு தெரியும். அதற்கு எடை வேண்டும். சைக்கிள் பின்சக்கரத்துக்குப் போடும் கால் அங்குல பால்ஸ் நான்கை முள் வெளிவரும் பிளவு வழியாக உள்ளே தள்ளினால் ஏறக்குறைய நான்கு கிராம் கூடும், சத்தமும் வரும். அல்லி இலைகளுக்கு நடுவில் தண்ணீர் தெரிகிற இடத்துக்கு எடை கூட்டாத தவளையே போதும்.

நிஜத் தவளையை முள்ளில் கோர்க்க வேண்டாம். வயலில் பூச்சியைத் தின்று பயிரைக் காக்கிற உயிர் அது, ரப்பரே நன்றாக வேலை செய்யும்போது அதைக் கொல்லத் தேவையில்லை.

மாதத்துக்கு மாதம்

தையிலும் மாசியிலும் ஏரி நிறைந்திருக்கும், கலங்கல் தெளிந்திருக்கும், பாசி வளரத் தொடங்கியிருக்கும். விடியற்காலைப் பனியில் போய் நிற்பதில் பயனில்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கும், மீன் மந்தமாக இருக்கும். வெயில் ஏறி எட்டரை மணிக்குப் பிறகு, சூரியன் படும் கரையோரத்தில், முழங்கால் ஆழத்தில் அல்லி இலை ஓரமாகத் தேடுங்கள். தவளையை மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு திறப்பிலும் ஐந்து வினாடி நிறுத்துங்கள்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், மீன் ஒடுங்கிக்கொண்டே வரும். ஏரிக்கு ஆழம் நடுவில் இருக்கும் என்று நினைப்பது தவறு. கரை போட மண் எடுத்தது பெரும்பாலும் உள்பக்கம்தான். ஆகவே கரையை ஒட்டியும் மதகுக்கு எதிரிலும்தான் ஆழம். எதிர்ப்பக்கம் நீர்ப்பிடிப்பை நோக்கி மேடேறும், அங்கே முதலில் காயும். கோடையில் மதகுப் பள்ளத்தைச் சுற்றி நிற்கும் பாசியின் ஓரம்தான் இடம். நேரம் விடிந்து ஒன்றரை மணி நேரமும், சூரியன் சாய்ந்த பிறகு இருட்டும் வரையும். சூடு ஏற ஏற விரால் அடிக்கடி மேலே வரும், அதனால் மீன் இருக்கிற இடம் எளிதில் தெரியும். உச்சி வெயிலில் வளையம் மட்டும் வரும், தவளையைத் தொடாது. அப்போது லூரை மாற்ற வேண்டும்: 4/0 அளவு ஆஃப்செட் முள்ளில் (கழுத்து மடிந்த முள்) பத்து செ.மீ. ரப்பர் மீன், முள் நுனியை ரப்பருக்குள் மறைத்து, முன்னால் ஐந்து கிராம் தோட்டா ஈயம். வேலம்பாசியின் ஓரத்தில் இறக்கி, தரையைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, மறுபடி இறக்குங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். நரம்பு தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் வாயில் இருக்கிறது என்று பொருள்.

தண்ணீர் குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே இருப்பதுதான் அடுத்த வருஷத்துக்கான விதை. ஈரச் சேற்றில் புதைந்து கோடையைத் தாங்கிவிடும் மீன் இது.

ஆடி முதல் புரட்டாசி வரை ஏரிக்கு ஏரி வேறுபடும். சாயங்கால இடிமழை வருவதற்கு முந்தைய புழுக்கத்தில் கடி நன்றாக இருக்கும். ஆனால் இடி கேட்ட நொடியே ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், வெட்டவெளிக் கரையில் உயரமாக நிற்பது நீங்களும் அதுவும்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் புதுத்தண்ணீர் வந்ததும் விரால் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். வரத்துக்கால் வாய், மூழ்கிய புல்தரை, வயலோரம் என்று கணுக்கால் ஆழத்தில்கூட நிற்கும். தண்ணீர் கலங்கியிருப்பதால் கருப்பு அல்லது அடர்பழுப்புத் தவளையும், கூட்டிய எடையும், சத்தமும் வேண்டும். ஏரி நிரம்பி மிஞ்சும் தண்ணீர் கலங்கலில் (கல் கட்டிய வழிந்தோடியில்) வழியும்போது அதன் மேலோ கீழோ நின்று தூண்டில் போடாதீர்கள். பாசி பிடித்த கல் ஒரு அடியில் வழுக்கிவிடும்.

முட்டையும் குஞ்சும் அதிகம் தெரிகிற காலமும் இதுதான். தண்ணீர்மேல் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தூறல் விழுகிறமாதிரி கொதித்துக்கொண்டிருந்தால், உற்றுப் பாருங்கள்: செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மூச்சு வாங்க ஏறி இறங்கும். அவற்றுக்கு அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அதன்மேல் எதை எறிந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் இல்லை, காவலுக்காக. அதனாலேயே இதுதான் பிடிக்க எளிதான விரால், இதனாலேயே பிடிக்கக் கூடாத விரால். பெற்ற மீனை எடுத்த கொஞ்ச நேரத்தில் ஜிலேபியும் கெண்டையும் குஞ்சுகளை முடித்துவிடும். இரண்டு மீனுக்காக ஒரு தலைமுறையையே அழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. குஞ்சுக்கூட்டம் தெரிந்தால் ஐம்பது அடி தள்ளிப் போங்கள்.

கடித்த பிறகு

தவளையை விரால் கடிப்பது வெடிச்சத்தம்போல் கேட்கும். கேட்ட உடனே கை தானாக இழுக்கும், அதுதான் பெரும்பாலான மீன்கள் தப்புவதற்குக் காரணம். மீன் தவளையைப் பிடித்திருக்கலாம், பாசியையும் சேர்த்து அடித்திருக்கலாம், வெறுமனே தள்ளியிருக்கலாம். ராடு நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்கள், தளர்ந்த நரம்பைச் சுற்றுங்கள், மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள். கனம் தெரிந்தால் இரண்டு கையாலும் மேல்நோக்கி ஓங்கி இழுங்கள். விராலின் வாய் எலும்பு, பாதி இழுப்புக்கு முள் ஏறாது. கனம் தெரியாவிட்டால் இழுக்காமல் தவளையை அங்கேயே விட்டு லேசாக நடுக்குங்கள், பலசமயம் மறுபடி வந்து கடிக்கும்.

முள் ஏறியதும் டிராக் (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விடும் பிடி) முழுக்க இறுக்கமாக இருக்க வேண்டும். முதல் மூன்று வினாடியில் தலையை மேலே திருப்பிவிட்டால் பாசியின் மேலேயே சறுக்கிக்கொண்டு வந்துவிடும். விட்டுப் பிடிக்கலாம் என்று நரம்பு கொடுத்தால் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிவிட்டால் ராடை வளைத்து உலுக்காதீர்கள், ராடுதான் உடையும். ராடை நேராக நீட்டி, துணி சுற்றிய கையால் நரம்பைப் பிடித்துப் பின்னோக்கி நடந்து மெதுவாக இழுங்கள். பாசிக்கட்டோடு மீன் வரும். வராவிட்டால் நரம்பை அறுத்துவிடுங்கள். எடுக்க இறங்க வேண்டாம். வண்டல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, அந்தக் குழியில் நீச்சல் தெரிந்தவரும் பாசிக்குள் சிக்குவார்.

தொடர்ந்து கடித்தும் முள் ஏறவில்லை என்றால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தவளைக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் அமுங்காது, நாலைந்து எறிதலுக்கு ஒருமுறை பிழிந்துவிடுங்கள். மூக்குத் துளையில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்தால் குறையும். முள் நுனியை நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும், வழுக்கினால் அரத்தால் தீட்டுங்கள். கடி எல்லாம் வாலில் மட்டும் விழுந்தால் ரப்பர் வால் இழைகளைப் பாதியாக வெட்டிவிட்டு வேகத்தைக் குறையுங்கள். எறியும்போது நரம்பு கொத்தாகக் கழன்றால் ஸ்பூலில் தளர்வாகச் சுற்றியிருக்கிறது என்று பொருள். திறந்த தரையில் நாற்பது மீட்டர் இழுத்துவிட்டு, விரலால் அழுத்தம் கொடுத்து மறுபடி சுற்றுங்கள்.

கரைக்கு வந்த விராலை ஈரத்துணியால் பிடித்துக் குறடால் முள்ளை எடுங்கள், வாய்க்குள் விரலை விடாதீர்கள். ஒரு அடிக்குக் குறைந்ததையும் வயிறு புடைத்ததையும் திரும்ப விடுங்கள். எறியாமல் தண்ணீரில் வைத்து விட வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் அதை மட்டும் திரும்ப விடாதீர்கள். நாட்டில் வளர்க்கவே தடை செய்த மீன் அது, மற்ற மீன்குஞ்சையெல்லாம் தின்று தீர்க்கும். வீட்டுக்கு எடுத்துப் போகும் விராலுக்கு வாளி நிறையத் தண்ணீர் தேவையில்லை, உடம்பு நனையும் அளவு போதும். வாளியின் வாயை ஈரச் சாக்கால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத வாளியிலிருந்து துள்ளி, புல்லில் ஊர்ந்தே ஏரிக்குத் திரும்பிவிடும்.