தூரத்துக் கோளில் நின்று பார்ப்பது போல எழுதுவது எப்படி?

வேற்றுக் கோள் என்றதும் இரண்டு சூரியன், ஊதாக் கடல், மிதக்கும் மலை என்று கிளம்பிவிடுகிறோம். பத்து வரி தாண்டினால் எழுதுகிறவருக்கே அலுத்துவிடும். அதற்குப் பதிலாக, நிஜமாகவே இருக்கும் ஒரு கோளை எடுத்து முதலில் கணக்குப் போடுங்கள், நாம் யோசித்தே பார்க்காத காட்சிகள் அதிலிருந்து தானாக வரும்.

நான் சிபாரிசு செய்வது ட்ராப்பிஸ்ட்-1இ. கும்ப ராசிப் பக்கம், சுமார் 40 ஒளியாண்டு தொலைவில், வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரிய ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரத்தை ஏழு கோள்கள் நெருக்கியடித்துச் சுற்றுகின்றன என்று 2017இல் அறிவித்தார்கள், அவற்றில் இது நான்காவது (உள்ளிருந்து வெளியே பி, சி, டி, இ, எஃப் என்று எழுத்துகளால் பெயர் வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கை பி-யில் தொடங்குகிறது). விட்டம், தூரம், நிறை எல்லாம் வேற்றுச் சூரியன்களின் கோள்களைத் தொகுத்து வைத்திருக்கும் நாசாவின் எக்ஸோபிளானெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

முதலில் வானம். விட்டத்தைத் தூரத்தால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் ஒரு பொருள் எத்தனை டிகிரி அகலத்தில் தெரியும் என்று வந்துவிடும். அடுத்த கோளான எஃப் நெருங்கி வரும்போது 14 லட்சம் கிலோமீட்டருக்குள் இருக்கும், விட்டம் 13,300 கிலோமீட்டர், போட்டுப் பாருங்கள், அரை டிகிரிக்குச் சற்று மேல், அதாவது நம் நிலா அளவு! அந்த ஊர்ச் சூரியனோ, பக்கத்திலேயே இருப்பதால், வானத்தில் நம்முடையதைப் போல நான்கு மடங்கு அகலமாகத் தெரியும். அதற்காக ரத்தச் சிவப்பு என்று எழுதிவிடாதீர்கள், அதன் வெப்பநிலை சுமார் 2,560 கெல்வின், பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம்தான் கிட்டத்தட்ட வரும். பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் போய்விடுவதால் உடம்பில் சூடு உறைக்கும், வெளிச்சம் மட்டும் மங்கல்.

அப்புறம் நிற்கும் இடம். நிலா நமக்கு ஒரே முகம் காட்டுவது போல இந்தக் கோளும் தன் சூரியனுக்கு ஒரே முகம்தான் காட்டும் என்று நம்பப்படுகிறது, அதனால் பகல் பக்கமா, இருட்டுப் பக்கமா, நடு விளிம்பா என்பதை முதல் வரிக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். என் ஓட்டு விளிம்புக்கு. அங்கே சூரியன் தொடுவானத்தில் பாதி மூழ்கியபடி அப்படியே நிற்கும், ஒரு பாறையின் நிழல் ஆயிரம் ஆண்டானாலும் நகராது, அந்த நிழலின் வடிவத்திலேயே பின்னால் பனி உறைந்திருக்கும், வெளிச்சம் படும் முகத்தில் மட்டும் கறுப்பாக ஏதோ பாசி.

விடியலும் அந்தியும் இல்லாத ஊரில் நேரத்தை எப்படிக் கணக்கு வைப்பார்கள்? ஆண்டு என்பதே 6.1 நாள், நம் கணக்கில் 30 வயதானவருக்கு அங்கே சுமார் 1,800 வயது. ஆனால் உள்கோள் டி 12 நாளுக்கு ஒருமுறை, வெளிக்கோள் எஃப் 18 நாளுக்கு ஒருமுறை நெருங்கி வரும், இரண்டும் சேர்ந்து பார்த்தால் 36 நாளில் ஒரு சுற்று. சந்தை, திருவிழா, கடன் தவணை எல்லாவற்றையும் இதில் கட்டிவிடலாம். எஃப் நெருங்கும்போது சூரியனுக்கு நேர் எதிரே முழு வட்டமாகத் தெரியும், டி நெருங்கும்போது இருண்ட முகத்தைத்தான் காட்டும், இதை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

எடை சுலபம், 50 கிலோ மூட்டை 41 கிலோ போலக் கனக்கும்.

காற்று மட்டும்தான் சிக்கல். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தவரை உள்ளே இருக்கும் பி கோளில் அடர்ந்த காற்று இருப்பதாகத் தெரியவில்லை, இ கோளில் உண்டா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால் காற்று உள்ளதாக ஒன்று, இல்லாததாக ஒன்று என இரண்டு வடிவம் எழுதி வையுங்கள். வானத்து அளவுகள் இரண்டிலும் அப்படியே இருக்கும், பாசி, பனி, ஓசை பற்றிய வரிகளை மட்டும் மாற்றினால் போதும்.