மெத்தனால் எரிபொருள் கலத்திற்குப் பிளாட்டினம்-ருத்தேனியம் மென்படலம் தயாரிக்கும் முறை

மெத்தனால் மூலக்கூறு ஒன்று ஆனோடில் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஆறு எலக்ட்ரான்கள் கிடைக்கும். ஆனால் இடையில் உருவாகும் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையை முடக்கிவிடும். அருகில் ருத்தேனியம் அணு இருந்தால், அது குறைந்த மின்னழுத்தத்திலேயே நீரைப் பிளந்து ஹைட்ராக்சில் தருவதால் அந்த நச்சு கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்களான வாட்டனபேயும் மோட்டூவும் 1975இல் முன்வைத்த இந்த விளக்கமே இன்றும் அடிப்படை. தமிழ்நாட்டிலிருந்து பெங்களூர் ஆய்வகங்களுக்கு வந்து இத்துறையில் நுழையும் மாணவர்களுக்காக, ஸ்பட்டரிங் (ஆர்கான் அயனிகளால் உலோகத்தைத் தாக்கி அதன் அணுக்களைப் பெயர்த்துப் படியவைத்தல்) வழியில் இப்படலத்தைத் தயாரிக்கும் முறையை இங்கே தருகிறேன்.

முதலில் படலத்தைத் தாங்கப்போகும் கண்ணாடிக் கார்பன் வட்டை 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாத் தூளால் மெருகேற்றி, தூய நீரில் அல்ட்ராசோனிக் முறையில் கழுவி உலர்த்துங்கள். ஸ்பட்டரிங் கருவியின் வெற்றிட அறையை 10⁻⁶ மில்லிபார் அளவுக்கு வெற்றிடமாக்கிய பிறகே ஆர்கானை விட வேண்டும். பெங்களூரின் மழைக்காலத்தில் அறையைத் திறந்துவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், சுவரில் படியும் ஈரத்தை வெளியேற்றவே பாதி நாள் போய்விடும். ஆகவே அறையை உலர்ந்த நைட்ரஜனால் நிரப்பித் திறந்து, வேலை முடிந்ததும் உடனே மூடுங்கள். டார்கெட்டைக் (அயனிகள் தாக்கும் உலோகத் தகட்டை) குளிர்விக்கும் சுற்றில் போர்வெல் தண்ணீரை ஒருபோதும் விடாதீர்கள். அதன் கடினத்தன்மையால் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து நீரோட்டம் குறையும்.

இரு டார்கெட்டுகளின் படிவு வேகத்தையும் தனித்தனியே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். தடிமனையே அணு விகிதமாக எடுத்துக்கொள்வது பலரிடம் காணப்படும் தவறு. ஒரு மோல் பிளாட்டினத்தின் கன அளவு ஏறத்தாழ 9.1 கன சென்டிமீட்டர், ருத்தேனியத்தினுடையது 8.2. எனவே ஒன்றுக்கு ஒன்று என்ற அணு விகிதம் வேண்டுமானால், 10 நானோமீட்டர் ருத்தேனியத்திற்கு 11 நானோமீட்டர் பிளாட்டினம் என்ற கணக்கில் இரண்டையும் ஒரே நேரத்தில் படியவைக்க வேண்டும். 20 நானோமீட்டர் படலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 22 மைக்ரோகிராம் அளவுக்கே பிளாட்டினம் இருக்கும் என்பதுதான் மென்படலத்தின் கவர்ச்சி. உலோகங்கள் உண்மையில் கலந்தனவா என்பதை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் பாருங்கள். தாமிரக் கதிரில் 39.8 பாகையில் தோன்றும் பிளாட்டினத்தின் 111 உச்சி அதிகக் கோணம் நோக்கி நகர்ந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான படலங்கள் வெற்றிட அறையில் அல்ல, சோதனை மேசையில்தான் கெடுகின்றன என்பது என் கருத்து. நைட்ரஜன் செலுத்திய 0.5 மோலார் கந்தக அமிலத்தில் முதலில் மெத்தனால் இல்லாமலும், பின்பு 1 மோலார் மெத்தனாலோடும் சுழற்சி வோல்ட்டமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை) செய்யுங்கள். மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் சேரும் நஞ்சு என்பதால் கையுறையும் புகை உறிஞ்சும் பெட்டியும் கட்டாயம். குளோரைடு கசிந்து மேற்பரப்பைக் கெடுக்கும் என்பதால் வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாயைத் தவிர்த்து, பாதரச சல்பேட் மின்வாயைப் பயன்படுத்துவது நல்லது. மீள் ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட்டு 0.8 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் ருத்தேனியம் கரையத் தொடங்கும். அதன் பிறகு நீங்கள் அளப்பது நீங்கள் தயாரித்த கலவையை அல்ல.

மேற்பரப்பின் உண்மையான பரப்பளவுக்கு, ஹைட்ரஜன் உச்சியை விடக் கார்பன் மோனாக்சைடை ஒட்டவைத்து உரிக்கும் முறையே நம்பகமானது. உரிக்கும்போது பாயும் மின்னூட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 420 மைக்ரோகூலும் என்று கணக்கிடலாம். இறுதியாக 0.5 வோல்ட்டில் நிலையாக வைத்து, மின்னோட்டம் எவ்வளவு சரிகிறது என்பதை ஒரு மணி நேரமாவது பதிவுசெய்து, அதை இந்தப் பரப்பளவால் வகுத்துத் தனிப் பிளாட்டினப் படலத்தோடு ஒப்பிடுங்கள்.